கால்பந்து அணிக்கும் வாடகை வீடுதானா?

பெங்களூர் கால்பந்து அணி ஊரை விட்டுப் போய்விடுமோ என்ற பேச்சு ஒன்றுக்கு மேற்பட்ட முறை இந்த ஊரில் எழுந்து அடங்கியிருக்கிறது. எழும்போது ரசிகர்கள் பதறுகிறார்கள். அடங்கியதும் மறந்துவிடுகிறார்கள். அடுத்த முறை அது அடங்காமலே போகலாம். மழை வருமுன் கூரையைப் பார்ப்பவன்தான் குடும்பஸ்தன். ஆகவே, கூச்சல் ஓய்ந்திருக்கும் நேரத்திலேயே இந்த விஷயத்தைப் பேசிவிடுவது நல்லது.

2019-ம் ஆண்டு நடந்ததை முதலில் நினைவுபடுத்திக் கொள்ள வேண்டும். அந்த ஆண்டு மார்ச் 17-ந் தேதி பம்பாயில் நடந்த இறுதி ஆட்டத்தில் கோவா அணியை 1-0 என்று வென்று, பெங்களூர் எப்.சி. இந்தியன் சூப்பர் லீக் கோப்பையைக் கைப்பற்றியது. ஊரே கொண்டாடியது. ஆனால் சில மாதங்களுக்குள்ளாகவே, கோப்பையை வென்ற அணிக்குச் சொந்த ஊரில் ஆட மைதானம் இல்லை என்ற நிலைமை வந்துவிட்டது. கண்டீரவா ஸ்டேடியம் மாநில அரசின் விளையாட்டு இலாகாவுக்குச் சொந்தமானது. அங்கே கால்பந்து ஆட்டம் நடப்பதால் தங்கள் பயிற்சி பாழாகிறது என்று ஓட்டப்பந்தய வீரர்களும் பயிற்சியாளர்களும் முறையிட்டார்கள். விவகாரம் ஐகோர்ட்டு வரை போயிற்று. மைதானம் கிடைக்காவிட்டால் அணி பூனாவில் உள்ள பாலேவாடி மைதானத்துக்குப் போய் ஆடக்கூடும் என்று பத்திரிகைகளில் செய்தி வந்தது.

கடைசி நேரத்தில் அனுமதி கிடைத்தது. அக்டோபர் 21-ந் தேதி நார்த் ஈஸ்ட் அணியுடன் முதல் ஆட்டம் கண்டீரவாவிலேயே நடந்தது. யாரும் கோல் போடவில்லை. ஆனாலும் அன்று ஊருக்கு வெற்றிதான். அணி ஊரிலேயே இருந்தது அல்லவா?

அதோடு பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று எல்லோரும் எண்ணினார்கள். தீரவில்லை, ஒத்திவைக்கப்பட்டது, அவ்வளவுதான்.

தமிழனுக்கு என்ன வந்தது?

'பம்பாய்க் கம்பெனி நடத்தும் அணி. அதில் ஆடுகிறவர்கள் மணிப்பூரிலிருந்தும் மிசோரத்திலிருந்தும் பஞ்சாபிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வந்தவர்கள். அது இங்கே இருந்தால் என்ன, பூனாவுக்குப் போனால் என்ன? பிழைக்க வந்த தமிழனுக்கு இதில் என்ன வந்தது?' என்று ஒருவர் கேட்கக்கூடும். ஒக்கலிபுரத்திலும் ஸ்ரீராமபுரத்திலும் அப்படிக் கேட்பவர்கள் இருக்கவே செய்வார்கள். அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியது அவசியம்.

பெங்களூரில் கால்பந்து இன்று நேற்று வந்ததல்ல. தண்டில் வெள்ளைக்காரப் பட்டாளம் ஆடியதைப் பார்த்து, சுற்றிலும் குடியிருந்த ஏழைகள் கற்றுக்கொண்ட ஆட்டம் அது. அல்சூர், ஆஸ்டின் டவுன், முர்பி டவுன், கௌதமபுரம், சூளை என்று அந்தக் குடியிருப்புகளின் பெயரைச் சொன்னாலே போதும். அங்கே வாழ்ந்தவர்களில் தமிழர்கள் எவ்வளவு பேர் என்பதை இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கௌதமபுரத்தில் புத்தருக்கும் அம்பேத்கருக்கும் அன்னை தெரசாவுக்கும் பக்கத்தில் பிரேசில் நாட்டு ஆட்டக்காரர் பெலேவுக்கும் சிலை வைத்திருக்கிறார்கள். பெலேவைக் குலதெய்வம் போலக் கும்பிடும் தெரு, இந்தியாவில் வேறு எத்தனை ஊரில் இருக்கும்?

1937-ம் ஆண்டு பம்பாயின் ரோவர்ஸ் கோப்பையைப் பெங்களூர் முஸ்லிம் கிளப் வென்றது. அதற்கு முன் இந்தியச் சிவிலியன் கோஷ்டி எதுவும் அந்தக் கோப்பையைத் தொட்டதில்லை. மறு ஆண்டும் அவர்களே வென்றார்கள். 1948-ம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் சுதந்திர இந்தியா முதல் முறையாகக் கால்பந்து ஆடியது. பிரான்சுடன் நடந்த அந்த ஆட்டத்தில் இந்திய வீரர்கள் பலர் வெறுங்காலோடு ஆடினார்கள். ஆட்டம் 1-2 என்று கைநழுவிப் போனாலும், இந்தியாவின் அந்த ஒரே கோலைப் போட்டவர் பெங்களூர்க்காரர் சாரங்கபாணி ராமன். ஒலிம்பிக்கில் இந்தியாவுக்கு விழுந்த முதல் கால்பந்து கோல் அதுதான். அதே குழுவில் ஆடிய அகமத் கானும் இந்த ஊர்க்காரர். பின்னர் கல்கத்தாவில் ஈஸ்ட் பெங்கால் கிளப்பின் ஐந்து புகழ்பெற்ற முன்வரிசை ஆட்டக்காரர்களில் ஒருவரானார்.

வந்தவாசியில் பிறந்து பெங்களூரில் ஆடி வளர்ந்த பூங்கம் கண்ணன், கல்கத்தாவில் மோகன் பகானுக்கும் ஈஸ்ட் பெங்காலுக்கும் ஆடினார். 'ஆசியாவின் பெலே' என்று புகழப்பட்ட அவர் 2019-ம் ஆண்டு கல்கத்தாவிலேயே கண் மூடினார். கால் நிறையத் திறமை இருந்தும், பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் போக வேண்டியிருந்த தலைமுறை அது. ஆட்டக்காரன் பெங்களூரில் பிறப்பான். கல்கத்தாவில் சம்பளம் வாங்குவான். அப்படித்தான் இருந்தது.

சந்தோஷ் கோப்பையை மைசூர் அணி 4 முறை வென்றது. கடைசியாக வென்றது 1968-69-ல். அதன் பிறகு கர்நாடகம் 54 ஆண்டு காத்திருந்தது. 2023-ம் ஆண்டு மார்ச் 4-ந் தேதி சவூதி அரேபியாவின் ரியாத் நகரில் மேகாலயாவை 3-2 என்று வென்றபோதுதான் அந்தக் கோப்பை திரும்பி வந்தது. இடையில் இந்த ஊர்க் கால்பந்தைக் காப்பாற்றி வைத்திருந்தவர்கள் யார்? ஐ.டி.ஐ., எச்.ஏ.எல். போன்ற தொழிற்சாலைகளின் கோஷ்டிகள். பகலில் லேத்து மெஷின் ஓட்டியவர்களும் பேரேடு எழுதியவர்களும் மாலையில் பந்து உதைத்தார்கள். எச்.ஏ.எல். கோஷ்டி 2012-ல் ஐ-லீக் போட்டியிலிருந்து கீழிறங்கியதும், இந்த ஊருக்குத் தேசிய அளவில் ஓர் அணியும் இல்லாமல் போயிற்று.

அந்த வெற்றிடத்தில்தான் 2013-ம் ஆண்டு பெங்களூர் எப்.சி. பிறந்தது. அசோக்நகர் கால்பந்து மைதானத்தில் ஆடி, முதல் ஆண்டிலேயே ஐ-லீக் பட்டம் வென்றது. கல்கத்தாவுக்கு ஆட்டக்காரர்களை ஏற்றுமதி செய்த ஊருக்கு, தானே ஓர் அணி கிடைத்தது. சுனில் சேத்ரி போன்ற இந்தியாவின் முதல்தர ஆட்டக்காரர் இங்கே வந்து ஆடினார். சங்கர் சம்பங்கிராஜ் போன்ற உள்ளூர்ப் பையனும் அதே உடையை அணிந்தார். இது சிறிய மாற்றம் அல்ல.

ஒரு காலரியில் உட்கார்ந்தவர்கள்

தமிழர்களைப் பொறுத்தவரை இன்னொரு கணக்கும் உண்டு. 1991-ம் ஆண்டு டிசம்பரை மறந்த தமிழ்க் குடும்பம் பெங்களூரில் இல்லை. 2016-ம் ஆண்டு செப்டம்பர் 12-ந் தேதியும் அப்படித்தான். காவிரியின் பெயரால் பஸ்கள் எரிந்தன. ஊரடங்கு போடப்பட்டது. தமிழ்நாட்டு நம்பர் போட்ட வண்டிகள் வெளியே வர அஞ்சின.

அதே 2016-ம் ஆண்டு, சுமார் ஐந்து வாரம் கழித்து, அக்டோபர் 19-ந் தேதி கண்டீரவா ஸ்டேடியத்தில் மலேசியாவின் ஜொகூர் அணியுடன் ஆசியக் கோப்பை அரையிறுதி ஆட்டம் நடந்தது. பெங்களூர் 3-1 என்று வென்றது. ஆசியக் கால்பந்துச் சம்மேளனக் கோப்பையின் இறுதிக்குப் போன முதல் இந்திய கிளப் என்ற பெருமை அன்று இரவு கிடைத்தது. தோஹாவில் நடந்த இறுதி ஆட்டத்தில் ஈராக் அணியிடம் 0-1 என்று தோற்றது வேறு விஷயம். அந்த இரவு சேத்ரி கோல் போட்டபோது, கட்டிப்பிடித்துக் குதித்தவனின் தாய்மொழி கன்னடமா, தமிழா, உருதுவா, மலையாளமா என்று எவன் விசாரித்திருப்பான்?

இந்த ஊரில் கன்னடியனும் தமிழனும் ஒரே பக்கம் நின்று கத்தக்கூடிய இடங்கள் எத்தனை இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்தால், ஒரு கால்பந்து அணியின் மதிப்பு தெரியும். சென்னை அணி 2018-ம் ஆண்டு மார்ச் 17-ந் தேதி இதே கண்டீரவாவில் 3-2 என்று வென்று கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனபோது, பெங்களூர்த் தமிழர்களில் சிலர் உள்ளுக்குள் மகிழ்ந்திருக்கலாம்; சிலர் வருந்தியிருக்கலாம். பிறந்த வீடு, புகுந்த வீடு என்றால் அப்படித்தான். ஆனால் இரண்டு வீடும் இருந்தால்தானே அந்தச் சங்கடமும் இனிக்கும்?

பதினொரு மாத அக்ரிமெண்டு

அணியின் பிரச்சினை என்ன என்பதை ஒக்கலிபுரத்து வாசகர்களுக்கு விளக்குவது சுலபம். அது வாடகைக் குடித்தனம். வீடு அரசாங்கத்துக்குச் சொந்தம். குடியிருப்பவர் கம்பெனி. பந்து பார்க்க வருகிற ஜனங்களுக்கு வீட்டிலும் உரிமை இல்லை, அணியிலும் உரிமை இல்லை. பாசம் மட்டும் உண்டு.

பதினொரு மாத அக்ரிமெண்டில் குடியிருப்பவனின் மனநிலை இங்கே பலருக்குப் பழக்கமானது. ஆணி அடிக்கலாமா என்று யோசிப்பான். சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க மனம் வராது. பிள்ளையைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கலாமா, அடுத்த வருஷம் வேறு பேட்டைக்குப் போக நேருமா என்று தயங்குவான். ஆண்டுதோறும் அனுமதி கேட்டு நிற்கும் அணியும் அப்படித்தான். நிலையான மைதானம் இல்லாத கம்பெனி இந்த ஊரில் ஆழமாக வேர் விட ஏன் பணம் போடும்?

அணி என்பது ஒரு கம்பெனியின் சொத்து என்பதை மறந்துவிடக் கூடாது. கம்பெனிக்குக் கணக்கு ஒத்துவராவிட்டால் என்ன நடக்கும் என்பதை இந்தப் பக்கத்து மக்கள் புத்தகம் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. பின்னி மில் சங்கு இன்று ஊதுவதில்லை. அதை நம்பிக் கடன் வாங்கியவர்களும் கலியாணம் பேசியவர்களும் பட்ட பாடு அந்தத் தெருக்களுக்குத் தெரியும். பஞ்சாபின் ஜே.சி.டி. மில் கோஷ்டி, தேசிய லீக்கின் முதல் சாம்பியன். 2011-ல் கலைக்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டுதான் பம்பாயின் மகீந்திரா கோஷ்டி கலைந்தது. கோப்பைகளை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, ஆட்டக்காரர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

போன அணிகளின் கதை

'அப்படியெல்லாம் நடக்காது' என்பவர்கள் அக்கம்பக்கத்தைப் பார்க்கட்டும். டில்லியில் இருந்த டைனமோஸ் அணி 2019-ல் புவனேஸ்வருக்குப் போய் ஒடிசா அணி ஆயிற்று. அதே ஆண்டு பூனா அணி மூடப்பட்டது. அந்த இடத்தில் ஐதராபாத் அணி வந்தது. 2022-ம் ஆண்டு ஐதராபாத் சூப்பர் லீக் கோப்பையையே வென்றது. அதன் பிறகு சம்பள பாக்கி, பணக் கஷ்டம். 2025-ல் அணி கைமாறி, டில்லிக்குப் போய்விட்டது. கோப்பை வென்ற மூன்றே ஆண்டில் ஊர் இழந்தது. கோப்பை ஓர் அணியைக் கட்டிப்போடாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

தமிழ்நாட்டிலும் உதாரணம் இருக்கிறது. சென்னை சிட்டி என்ற அணி, சென்னையை விட்டுக் கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்துக்கு மாறியது. பெயரில் சென்னை, ஆட்டம் கோவையில். 2018-19 ஐ-லீக் பட்டத்தையும் வென்றது. கோவை மக்கள் பெருமையோடு கொண்டாடினார்கள். இன்று அந்த அணி லீக்கிலேயே இல்லை.

வெளிநாட்டிலும் இதே கதைதான். அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் அவர்கள் நாட்டுக் கால்பந்து அணி ஒன்று இருந்தது. அணியைக் கையகப்படுத்த அந்த மாநிலச் சட்டமன்றம் மசோதா கொண்டுவந்த செய்தி கேட்டு, 1984-ம் ஆண்டு மார்ச் மாதம் ஒரே இரவில் சாமான்களை லாரிகளில் ஏற்றிக்கொண்டு முதலாளி இன்டியானாபோலிசுக்குப் புறப்பட்டுவிட்டார். விடிந்து பார்த்தால் அணி இல்லை. கடைசி நேரத்தில் போடும் சட்டம் எதற்கும் உதவாது என்பதே அதன் பாடம்.

இங்கிலாந்தில் லண்டனைச் சேர்ந்த விம்பிள்டன் அணி 1988-ல் லிவர்பூலைத் தோற்கடித்து எப்.ஏ. கோப்பை வென்ற அணி. அதற்கும் சொந்த மைதானம் இல்லாமல் போயிற்று. வேறு கிளப்பின் மைதானத்தில் ஒண்டுக்குடித்தனம் செய்தது. 2002-ம் ஆண்டு, சுமார் 90 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மில்டன் கெய்ன்சுக்குப் போக அனுமதி கிடைத்தது. மறு ஆண்டு போய்விட்டது. ரசிகர்கள் அழுதுகொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. பொதுத் திடலில் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்து, தாங்களே பங்கு போட்டுப் புதிய கிளப் தொடங்கினார்கள். கீழ்ப் படியிலிருந்து ஏறி 2011-ல் தொழில்முறை லீக்கை அடைந்தார்கள். 2020-ல் பழைய பேட்டையிலேயே சொந்த மைதானம் கட்டிக் குடிபுகுந்தார்கள். பதினெட்டு ஆண்டு உழைப்பு! அதுவும் பணக்கார நாட்டில் நடந்தது. பெங்களூர் ரசிகர்களால் அது முடியுமா என்பதை அவரவரே சொல்லட்டும்.

ஓட்டக்காரன் பக்கத்து நியாயம்

இதில் ஓட்டப்பந்தய வீரர்களைக் குற்றம் சொல்லிப் பயன் இல்லை. கண்டீரவா 1997-ம் ஆண்டு தேசிய விளையாட்டுப் போட்டிக்காகத் திறக்கப்பட்ட மைதானம். அங்கே ஓடுகிறவர்களில் பெரும்பாலோர் வசதியற்ற வீட்டுப் பிள்ளைகள். காலை, மாலை இரண்டு வேளையும் ஓடினால்தான் அவர்களுக்கு நாளைக்கு ரயில்வேயிலோ போலீசிலோ ஒரு வேலை கிடைக்கும். ஆட்டம் நடக்கும் நாளிலும் அதற்கு முந்தின நாளிலும் கேட்டைச் சாத்தினால் அவன் எங்கே போவான்? கால்பந்து ரசிகன் கேட்கும் அதே கேள்வியைத்தான் அவனும் கேட்கிறான்: 'என்னை இடம் பெயர்க்காதே.'

ஒரு வீட்டில் இரண்டு குடித்தனம் வைத்துவிட்டு, குழாயடிச் சண்டையை வேடிக்கை பார்ப்பது வீட்டுக்காரரின் தவறு. இங்கே வீட்டுக்காரர் மாநில அரசு. ஒரு கோடி ஜனங்களுக்கு மேல் வாழும் இந்த நகரத்தில், உலகத் தரத்தில் கால்பந்துக்கென்றே ஒரு மைதானம் இல்லை என்பதுதான் வெட்கத்துக்குரிய விஷயம். ரசிகனும் ஓட்டக்காரனும் ஒருவர் மேல் ஒருவர் பாயாமல், இரண்டு பேரும் சேர்ந்து வீட்டுக்காரரைக் கேட்க வேண்டும்.

இனி வரும் ஆபத்து மைதானத்தால் மட்டும் அல்ல. லீக்கை நடத்தும் ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடிகிறது என்பதால், அந்த ஆண்டு ஜூலையிலேயே போட்டி நிறுத்தி வைக்கப்பட்டது. ஆகஸ்டில் பெங்களூர் கிளப், தன் முதல்தர அணி வீரர்களுக்கும் ஊழியர்களுக்கும் சம்பளத்தை நிறுத்தி வைப்பதாக அறிவித்தது. குறைந்த ஆட்டங்களோடு லீக் நடத்தலாம் என்ற முடிவு 2026 ஜனவரியில்தான் ஏற்பட்டது. மாதம் முதல் தேதியை எண்ணி வாழும் குமாஸ்தாவுக்கு இந்தச் செய்தியின் பொருள் புரியும். கோடிக்கணக்கில் வாங்கும் நட்சத்திர ஆட்டக்காரன் சமாளித்துவிடுவான். புல் வெட்டுகிறவர், உடை துவைக்கிறவர், டிக்கெட் கிழிக்கிறவர் என்ன செய்வார்?

செய்ய வேண்டியது என்ன?

முதலாவது, மாநில அரசும் கிளப்பும் எழுத்து மூலம் நீண்ட கால ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும். எத்தனை நாள் கால்பந்துக்கு, எத்தனை நாள் ஓட்டத்துக்கு, வாடகை எவ்வளவு, அந்த வாடகையில் ஓடுபாதையைச் செப்பனிட எவ்வளவு என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். ஊரை விட்டுப் போவதானால் எவ்வளவு காலம் முன்னதாக நோட்டீசு கொடுக்க வேண்டும் என்பதும் இருக்க வேண்டும். ஒப்பந்தத்தைப் பொது ஜனங்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும்.

இரண்டாவது, கால்பந்துக்கென்றே ஒரு மைதானம். கர்நாடகக் கால்பந்து சங்கத்தின் அசோக்நகர் மைதானம் சிறியதுதான். ஆனால் அது பந்துக்காகவே இருக்கும் இடம். அதை விரிவாக்கிச் சீர்செய்தால் கண்டீரவாவை ஓட்டக்காரர்களுக்கே விட்டுவிடலாம்.

மூன்றாவது, அணி மீது ஜனங்களுக்கும் ஒரு பிடி வேண்டும். ஜெர்மனியில் பெரும்பாலான கிளப்புகளில் ஓட்டுரிமையின் பெரும்பகுதி உறுப்பினர்கள் கையில் இருக்க வேண்டும் என்பது விதி. இங்கிலாந்தில் 2025-ல் வந்த சட்டப்படி, கிளப் தன் சொந்த மைதானத்தை விற்கவோ விட்டுப் போகவோ ஒழுங்குமுறை அதிகாரியின் அனுமதி பெற வேண்டும். இங்கே அவ்வளவு தூரம் உடனே போக முடியாவிட்டாலும், ரசிகர்களின் பிரதிநிதி ஒருவரைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்கவாவது கிளப் பழக வேண்டும்.

நான்காவது, ஜனங்களின் கடமை. கோப்பை வரும்போது மட்டும் நீல உடை போட்டுக்கொண்டு, மற்ற நாளில் டி.வி. முன்னால் உட்காருகிறவன், அணி போகும்போது அழ உரிமையில்லாதவன். அசோக்நகரில் நடக்கும் உள்ளூர் லீக் ஆட்டங்களில் காலரி காலியாகக் கிடக்கிறது. ஒக்கலிபுரத்துப் பையனும் ஆஸ்டின் டவுன் பையனும் அங்கேதான் ஆடுகிறார்கள். அந்தப் பையன்களுக்குக் கைதட்ட ஆள் இருந்தால், பெரிய அணி ஒருநாள் மூட்டை கட்டினாலும் கால்பந்து இந்த ஊரில் மிஞ்சும். 1937-ல் கோப்பை வாங்கிக் கொடுத்தது எந்தக் கம்பெனியும் அல்ல.

பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் வந்தவர்களுக்கு, இடம் பெயர்வதன் வலியைச் சொல்லித் தர வேண்டியதில்லை. வந்த ஊரில் தங்களுடையது என்று சொல்லிக்கொள்ள அவர்களுக்குக் கிடைப்பவை மிகச் சில: ஒரு ரேஷன் கார்டு, ஒரு கோயில் திருவிழா, ஒரு கால்பந்து அணி. அதைக் காப்பாற்றிக் கொடுங்கள் என்று விதான சௌதாவின் கதவைத் தட்டுவது சலுகை கேட்பது ஆகாது. வரி கட்டும் குடிமகன், கன்னடியன் ஆனாலும் தமிழன் ஆனாலும், கேட்கத் தகுந்த நியாயம்தான் அது. அடுத்த வதந்தி கிளம்பும் வரை காத்திராமல், இப்போதே கேட்க வேண்டும்.